கார்மேகம் அண்ட் சன்ஸ் ரிவால்வர்கள்

நெய்வேலி, பிளாக் 21
4 பிப்ரவரி 2024

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

அப்பா எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. பெரிய கடிதமில்லை.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். உன் அம்மாவுக்கு நீ அனுப்பிய ஸ்வெட்டர் பார்சலின் அட்டைப்பெட்டியை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். நெய்வேலி வெயிலுக்கு ஸ்வெட்டர்! புள்ள அனுப்பினது என்று அதைப் போட்டுக்கொண்டு, ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உனக்குப் போன் போட்டால் ஒரு பெண் இந்தியில் ஏதோ சொல்கிறாள். நான் பாட்டுக்கு அவளிடம் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

மே 31-ஆம் தேதி எனக்கு ஓய்வு. முப்பத்தாறு வருஷம் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்து, ரோலர் சத்தம் கேட்டுக் கேட்டு, இடது காது முக்கால்வாசி போய்விட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் நாம் வாங்கிப்போட்ட வூட்டுக்கு ஓடு மாற்றிவிட்டேன், அங்கே போகிறேன். உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கருமாதிக்கு வந்த மூன்று நாளில் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. யார் முதலில் என்று இருவருமே இருந்துவிட்டோம்.

உன் சாமான்கள் இங்கே இருக்கின்றன. சைக்கிள், ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய இரண்டு கப்பு, பிளஸ் டூ புத்தகங்கள். பீரோவை நகர்த்தியபோது பின்னால் சுவரோரம் ஒரு பகடைக்கட்டை கிடந்தது. பழுப்பு நிலக்கரியில் செதுக்கி, மேலே நகப்பாலிஷ் பூசி, வெள்ளைப் பெயின்ட்டில் புள்ளி வைத்தது. நீயும் சசிகுமாரும் செய்ததுதானே? இவற்றை என்ன செய்யட்டும்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா
ப. குஞ்சிதபாதம்


புணே
19 பிப்ரவரி 2024

அப்பாவுக்கு,

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கப்பு, புத்தகம் எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்.

அந்த வீட்டில் நான் வேண்டுமென்று கேட்டிருக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அந்த நீள நோட்டு. அதை நீங்கள் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தீர்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதிமூன்று வருஷம் ஆயிற்று. கார்மேகம் அண்ட் சன்ஸ் கம்பெனியின் பதினோரு ரிவால்வர் மாடல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண். அந்த ஆட்டத்தைத் திரும்ப எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மாடலுக்கு மேல் ஞாபகம் வரவில்லை. மிச்சமெல்லாம் சசியின் தலைக்குள் இருக்கும். அவனிடம் கேட்க எனக்கு மனசில்லை. போலீஸ்காரர்கள் இரண்டு கேள்வி கேட்டதும் எல்லாவற்றையும் ஒப்பித்தவன் அவன்.

வேறு சேதி இல்லை. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

இளம்பரிதி


நெய்வேலி, பிளாக் 21
3 மார்ச் 2024

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

உன் பதினோரு வரிக் கடிதம் கிடைத்தது. எண்ணித்தான் பார்த்தேன். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஷிஃப்ட்டுக்குப் போனேன். கட்டாயமில்லை என்று எழுதியிருக்கிறாய். கட்டாயமில்லாததைத்தானே அப்பன் செய்ய வேண்டும்?

அந்த நோட்டு எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. சிரிக்காதே. உன் பையிலிருந்து முதலில் அதை எடுத்த நாளில் நான் அதைப் படித்த மாதிரி எந்தப் பாடத்தையும் படித்ததில்லை. பயத்தில் படித்தது அப்படியே நிற்கிறது. சரியா பார்:

மாடல் 1, சிட்டு. குண்டு 5, எடை 400 கிராம், தூரம் 10 அடி, சேதம் 3, சொதப்பல் 2.
மாடல் 4, மின்னல். குண்டு 6, எடை 900 கிராம், தூரம் 40 அடி, சேதம் 6, சொதப்பல் 4.
மாடல் 9, பெரியவர். குண்டு 6, எடை 2 கிலோ 100, தூரம் 100 அடி, சேதம் 9, சொதப்பல் 7.

இன்னொன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் "கார்மேகம் அண்ட் சன்ஸ், விருத்தாசலம்" என்று பெரிதாக எழுதி, கீழே "தரமான ரிவால்வர்கள், 1931 முதல்" என்று போட்டிருந்தாய். நான் மறுநாளே லீவு போட்டுவிட்டு விருத்தாசலம் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி கார்மேகம் கம்பெனி எங்கே என்று கடை கடையாகக் கேட்டேன். "என்னா வியாபாரம்ங்க அவுங்க?" என்றார்கள். நான் என்னவென்று சொல்வது? "இரும்புச் சாமான்" என்றேன். ஒரு வளையல்கடைக்காரர் பாவப்பட்டு என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். சாயங்காலம் வரை அலைந்தேன். கம்பெனி கிடைக்கவில்லை என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கோ, ரகசியமாக நடத்துகிறார்கள்போல என்று பயம் இன்னும் கூடிவிட்டது. அப்படிப்பட்ட மண்டை.

சசிகுமாரைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் இப்போது சாம்பல் அள்ளும் பிரிவில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான், இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. உன் அம்மாவைத் தூக்கிய நாலு பேரில் அவன் ஒருவன். நீ முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடந்தாய், பார்த்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். "என்னாப்பா, லைட்டுகூட போடாம உக்காந்துகினு இருக்க?" என்று அதட்டுவான். சிலிண்டர் மாட்டிக் கொடுப்பான். போகும்போது வாசலில் நின்று, "இளம் எப்டி இருக்கானாம்?" என்பான். எனக்கே தெரியாது, அவனிடம் என்ன சொல்ல? "நல்லாகீறான்" என்பேன்.

அவனைப் பற்றி அப்படி நினைக்காதே.

அப்பா


புணே
21 மார்ச் 2024

அப்பா,

விருத்தாசலம் கதையைப் படித்துவிட்டு ஆபீஸ் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேசைக்காரன் என்னவென்று கேட்டான். எங்கப்பா நாங்கள் கற்பனையில் கட்டிய கம்பெனியைத் தேடி பஸ் ஏறிப் போனார் என்று அவனுக்கு இந்தியில் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்றேன். இங்கே பெரும்பாலும் எதற்கும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறேன்.

மூன்று மாடலும் சரி. ஒரு எண் பிசகவில்லை. பெரியவரின் எடை 2 கிலோ 100 என்று எனக்கே மறந்திருந்தது. அது உங்கள் டிபன் கேரியர் எடை, ரேஷன் கடைத் தராசில் வைத்துப் பார்த்து எழுதினோம்.

ஆட்டம் என்னவென்று அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். ஆளுக்கொரு பாத்திரம். நான் துப்பறிபவன், சசி கார்மேகத்தின் இளைய மகன். பலகையெல்லாம் கிடையாது, நம் டவுன்ஷிப்தான் களம். ஒருவன் "பிளாக் 11 தண்ணீர் டேங்க் பின்னால் ஒளிந்திருக்கிறேன்" என்பான், மற்றவன் "சுடுகிறேன்" என்பான். சுடுவதற்கு இரண்டு பகடை போட வேண்டும். கூட்டுத்தொகை அந்தத் துப்பாக்கியின் சொதப்பல் எண்ணோ அதற்குக் கீழோ வந்தால் துப்பாக்கி வெடிக்காது. அதனால்தான் சிட்டுவுக்குச் சேதம் குறைவு, ஆனால் ஏமாற்றாது. பெரியவர் வெடித்தால் சுவரே இடியும், ஆனால் பாதிக்கு மேல் வெடிக்கவே வெடிக்காது. எதை எடுத்துக்கொண்டு போவது என்பதில்தான் சாமர்த்தியம். அந்தப் பதினோரு மாடலுக்கும் எண்களைச் சரிக்கட்டவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது.

நோட்டின் பின்பக்கம் நாங்கள் எழுதியிருந்த பெயர்ப் பட்டியலும் ஆட்டத்தில் வருகிற ஆட்கள்தான். தனகோட்டி சார், உயிர் 18. கேன்டீன் சின்னதுரை, உயிர் 12.

பீரோவுக்குப் பின்னால் கிடைத்த டைஸை நான்தான் அங்கே வீசினேன். ஈரமாக இருக்கும்போது செதுக்கினால் நிலக்கரி நன்றாக வரும், காயக் காயச் சுருங்கி ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அது எப்போது போட்டாலும் ஒரே எண்ணில் விழும். மூன்று ஆட்டம் தோற்ற கோபத்தில் வீசினேன்.

சசியைப் பற்றி இனி எழுத வேண்டாம். ஸ்டேஷனில் அவனைத்தான் முதலில் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து அந்த அதிகாரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "மின்னல், தூரம் நாற்பது, சேதம் ஆறு" என்று வாசித்தார். தாளின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டு அப்போது என் பையில் இருந்தது. அந்த எண்கள் உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவன் என்னைப் பார்த்தான், நான் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து பேசவில்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன். அதற்கப்புறம் அப்படி ஒருவன் அமையவே இல்லை.

மற்ற எட்டு மாடலும் ஞாபகம் வந்தால் எழுதுங்கள். ஏழாவது மாடலின் பெயராவது.

இளம்பரிதி


நெய்வேலி, பிளாக் 21
28 ஏப்ரல் 2024

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் தாமதம். இந்தக் கடிதத்தை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதில் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

எனக்கு எதையும் கார்பன் வைக்காமல் எழுதிப் பழக்கமில்லை. முப்பத்தாறு வருஷமாக பெல்ட் ரிப்போர்ட்டை மூன்று பிரதி எழுதிய கை. ஒன்று இன்ஜினீயருக்கு, ஒன்று செக்‌ஷனுக்கு, ஒன்று நமக்கு. இத்தோடு ஒரு கார்பன் பிரதி வைத்திருக்கிறேன். முதலில் இந்தக் கடிதத்தை முடி, அப்புறம் அதைப் பிரி.

அது நான் போலீசுக்கு எழுதிய மனு. சசி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அதிகாரி வாசித்தது என் கையெழுத்து.

ஒரு ஞாயிறு மத்தியானம், நீ மேட்ச் ஆடப் போயிருந்தபோது, நோட்டை எடுத்து வைத்து முழுக்க நகல் எடுத்தேன். பதினோரு மாடல், பெயர்ப் பட்டியல், எல்லாம். நோட்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். கீழே என் பெயர் போடவில்லை. "பொறுப்புள்ள ஒரு குடியிருப்புவாசி" என்று போட்டேன். பொறுப்பைப் பார்! என் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இது என்னாடா?" என்று ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லாதவனுக்குப் பொறுப்பு.

கேட்கப் பயமாக இருந்தது, இளம். பட்டியலில் கடைசி வரியில் என் பெயர் இருந்தது. "குஞ்சிதபாதம், பிளாக் 21, உயிர் 40, சேதம் 0." எல்லோருக்கும் மேலே என் கணக்கு. நீ என்னைத்தான் குறி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு அப்போது பதினேழு வயது. என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எல்லாப் பிள்ளையும் அந்த வயதில் அப்படித்தான் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

அவர்கள் வந்து உன்னை அழைத்துக்கொண்டு போனபோது வாசலில் நின்று, "எதுக்கு சார், என்னா விஷயம்?" என்று ஒன்றும் தெரியாதவனாகக் கேட்டேன். நாலு மணி நேரம் கழித்து ஸ்டேஷனில் அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "பசங்க வெளையாட்டுங்க, வூட்டுக்கு அழைச்சிகினு போங்க" என்றார். எனக்கு வந்த அவமானத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பெல்ட்டை உருவி உன்னை மூன்று அடி அடித்தேன். அதற்கு முன்னால் உன்னை நான் அடித்ததில்லை. அப்புறம் நோட்டை எரித்தேன். "சசி காட்டிக்குடுத்துட்டான்" என்று நீ அழுதபோது, "அதான் சொன்னேன், சேர்க்கை சரியில்ல" என்றேன். அந்த ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான். அதை எந்தத் தண்ணீரால் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிரதியை அன்றே கிழித்துப் போட்டதாக நினைத்திருந்தேன். போன மாதம் உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். உன் மார்க் ஷீட்டுகள் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் இதுவும் மடிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று பார்த்தாளோ, என்னவோ. நான் சொல்லாமலே அவளை அனுப்பிவிட்டேன்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் சசியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு வந்தான். டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "எங்கப்பா சாவுற வரைக்கும் என்னைய நம்பல. நீ எதுனா பண்ணாமலா கூட்டிகினு போனாங்கன்னே கேட்டுகினு இருந்தாரு" என்றான். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனான். அப்புறம் வரவில்லை. நேற்று ஞாயிறு இல்லை என்று தெரிந்தும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஞாயிறு, இன்றைக்கும் வரவில்லை.

அவன் நம்பரை மனுவின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பதினோரு மாடலும் உள்ளே இருக்கின்றன. ஏழாவதின் பெயர் வெள்ளாறு.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த ஆட்டத்தில் நான் யார்?

அப்பா


முத்தாண்டிக்குப்பம்
16 ஜூன் 2024

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் புது விலாசம் உன்னிடம் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மே 31 அன்று செக்‌ஷனில் சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். "குஞ்சிதபாதம் காதை வச்சே ரோலர் போச்சான்னு சொல்லிடுவாரு" என்று பேசினார்கள். எனக்கு அதில் பாதிதான் கேட்டது. வழக்கமாக வீட்டு ஆட்கள் வந்து காரில் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் வழக்கம்போல கம்பெனி பஸ்ஸில் வந்தேன். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

சாமான் ஏற்றுவதற்குக் கூலியாட்கள் பிடித்தேன். சசி வந்துவிடுவான் என்று கடைசிவரை பீரோவை ஏற்றாமல் வைத்திருந்தேன். வேன்காரர் ஹாரன் அடித்தார், ஏற்றச் சொல்லிவிட்டேன்.

இங்கே அக்கம்பக்கம் நல்லவர்கள்தான். ஆனால் எல்லோருக்கும் அவரவர் வேலை இருக்கிறது. எனக்கு இன்னும் ஷிஃப்ட் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் பல் விளக்குகிறேன். பெல்ட் சத்தம் இல்லாமல் காது என்னவோ போல் இருக்கிறது. உன் சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. பகடையைச் சாமி மாடத்தில் உன் அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

திட்டியாவது எழுது.

அப்பா


புணே
8 செப்டம்பர் 2024

அப்பா,

உங்கள் மனுவை மே மாதமே படித்தேன். படித்துவிட்டு பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடந்தேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தையாக வந்தது, அதனால் எழுதவில்லை.

சசிக்குப் போன் போட எனக்கு இரண்டு மாதம் ஆனது. "யாரு?" என்றான். "துப்பறிபவன்" என்றேன். அவன் பக்கம் லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. மன்னிச்சிக்கடா என்றேன். "விட்றா" என்றான். எப்படி விடுவது? அவன் படிப்பை நிறுத்தியதற்கு நான் திருப்பிக்கொண்ட முகமும் ஒரு காரணம் என்று அவனே வேறொரு நாள் சொன்னான். அது உங்கள் தப்பு மட்டுமில்லை. நானும் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காமலே முடிவு கட்டினேன். அந்த விஷயத்தில் நான் உங்கள் பிள்ளைதான்.

இப்போது வாரம் இரண்டு தரம் பேசுகிறோம். மனுவை நடுவில் வைத்துக்கொண்டு நோட்டைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் நகலெடுத்ததில் ஒரே ஒரு தப்பு. வெள்ளாறு மாடலுக்குச் சொதப்பல் 5 என்று எழுதியிருக்கிறீர்கள், அது 3. சசிதான் கண்டுபிடித்தான். நாங்கள் செய்த ஒரு பொருள் உலகத்தில் மிஞ்சியது எங்களைக் காட்டிக்கொடுக்க நீங்கள் எழுதிய தாளில்தான். இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அன்றைக்கு இரண்டும் செய்தோம். நடுவில் சசி, "அவருக்கு சிலிண்டர் மாட்ட ஆள் இருக்காடா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். கார்மேகம் தொழிற்சாலையின் வாட்ச்மேன். ஆட்டம் முடிய வேண்டுமென்றால் இரண்டு பேரும் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். நடுவில் நீங்கள் செத்துவிட்டால் ஆட்டமே நடக்காது, அதனால் எந்த மாடலாலும் சாகடிக்க முடியாதபடி உயிர் 40. நீங்கள் யாரையும் அடிக்க மாட்டீர்கள், அதனால் சேதம் 0. பதினேழு வயதில் உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரே நாளில் அது தப்பாகப் போயிற்று.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். வெறுக்கிறேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாக இருக்கிறது. தீபாவளிக்கு நெய்வேலி வருகிறேன், சசி வீட்டில் தங்குகிறேன். முத்தாண்டிக்குப்பம் வருவதா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசிப் பார்த்தோம், முடிவாகவில்லை. கடைசியில் சசிதான், ஆட்டத்தில் செய்கிற மாதிரியே செய்வோம் என்றான்.

ஆகவே இது உங்கள் ஆட்டம். மழை பெய்கிறது. நீங்கள் கேட்டில் நிற்கிறீர்கள். இரண்டு பேர் வருகிறார்கள். மாடத்தில் இருக்கிற அந்த டைஸை எடுத்து ஒரே ஒரு தரம் போடுங்கள். நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் உள்ளே வருகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் அப்படியே திரும்பிப் போய்விடுகிறோம். பக்கத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். என்ன விழுந்தது என்று எழுதுங்கள்.

இளம்பரிதி


முத்தாண்டிக்குப்பம்
17 செப்டம்பர் 2024

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முதலில் சசியிடம் சொல், சிலிண்டரை நானே மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டேன். ரெகுலேட்டரை அழுத்தித் திருப்பத்தான் கொஞ்சம் விரல் வலிக்கிறது. வெள்ளாறுக்கு 5 என்று எழுதியது என் தப்பு. முப்பத்தாறு வருஷ ரிப்போர்ட்டில் நான் ஒரு எண்ணைத் தப்பாக எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

வாட்ச்மேன். எனக்கு இது போதும். சேதம் பூஜ்யத்தை அடித்துவிட்டு என்ன எண் போட வேண்டுமோ போட்டுக்கொள். மூன்று அடிக்கும் ஒரு வாக்கியத்துக்கும் சேர்த்துப் போடு.

காலையில் குளித்துவிட்டு, உன் அம்மா படத்துக்கு முன்னால் பாயை விரித்து, பகடையை எடுத்து ஒரு தரம் போட்டேன். இரண்டு விழுந்தது.

நீ எழுதியது சரிதான், பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டுக்குப் பதில் ஐந்து என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம்? இரண்டு பேருக்கும் என்ன சமைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். உனக்குப் பிடித்த வஞ்சிரம் இங்கே கிடைக்காது, பண்ருட்டி போக வேண்டும். உள்ளறையில் இரண்டு கட்டில் போட இடமிருக்கிறது. வாடா கண்ணா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

முதலில் விழுந்ததைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் சும்மா மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டு. இன்னும் பத்துத் தரம் போட்டேன். பத்துத் தரமும் இரண்டு. அப்போதுதான் உன் பழைய கடிதம் ஞாபகம் வந்தது, எடுத்துப் படித்தேன். பீரோவுக்குப் பின்னால் நீ வீசிய கோணல் கட்டை இதுதானே. இது வேறெதிலும் விழாது என்று உனக்குத் தெரியும்.

வராமல் இருப்பதற்காக இதைப் போடச் சொன்னாயா, நான் இந்தத் தடவையாவது உள்ளதை எழுதுகிறேனா என்று பார்ப்பதற்காகச் சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டிய வயதில் நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்துக்குக் கார்பன் வைக்கவில்லை. விழுந்தது இரண்டு.

அப்பா